மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கிக்கு எந்தக் காலிபர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் தமிழர்களில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வாங்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்வியை எழுதி, கீழே பதில் தந்திருக்கிறோம். உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லும் பிஸ்டல், ரிவால்வர் பற்றி மட்டுமே இங்கே பேச்சு. வேட்டையும் போட்டிச் சுடுதலும் வேறு கணக்கு.

ஒரு சொல் விளக்கம். தோட்டா என்றால் பித்தளைக் கூடு, கேப் (அடித்ததும் தீப்பொறி தரும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு நான்கும் சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்றால் குழலை விட்டு வெளியே பறக்கும் பகுதி மட்டும்.

முதல்ல ஒண்ணு சொல்லுங்க. எச்1பி விசாவுல இருக்கேன், நான் வாங்கலாமா?

பொதுவாக முடியாது. குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. சுடுதளத்தில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் ‘வைத்திருப்பது’தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நண்பர்களோடு வார இறுதியில் சுடப் போனதே விசாவுக்கு வினையாகலாம். எச்1பி-யில் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் எதையும் தொடாதீர்கள்.

கிரீன் கார்டு உள்ளவர்களும் குடிமக்களும் வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்கக் குறைந்தபட்ச வயது 21. மறைத்து எடுத்துச் செல்லும் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து தகுதியுள்ளவர்களுக்கு உரிமம் தேவையில்லை. நியூ யார்க், நியூ ஜெர்சியில் உரிமம் இல்லாமல் எடுத்துப் போனால் சிறைதான்.

காலிபர்னா என்ன? நம்பர் பெருசா இருந்தா பவரும் பெருசுன்னு அர்த்தமா?

இல்லை. குண்டின் விட்டத்தை ஒட்டி வைத்த பெயர் அது, அவ்வளவுதான். சில பெயர்கள் மில்லிமீட்டரில், சில அங்குலத்தில். பெயரை நம்பி விட்டத்தைக்கூடச் சொல்லிவிட முடியாது. .38 ஸ்பெஷலின் குண்டு உண்மையில் .357 அங்குலம், அதனால்தான் .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷலையும் சுட முடிகிறது. .380 ஏ.சி.பி., 9 மி.மீ. லூகர் இரண்டுக்கும் குண்டு ஒரே .355 அங்குலம். ஆனால் .380-இன் கூடு 17 மி.மீ. நீளம், லூகரின் கூடு 19 மி.மீ. அதைவிடப் பெரிய வேறுபாடு அழுத்தத்தில் இருக்கிறது: .380-க்குத் தொழில்துறை வகுத்த உச்ச வரம்பு 21,500 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), 9 மி.மீ.க்கு 35,000.

ஆகவே விட்டத்தோடு நிறுத்தாமல் குண்டின் எடை, வேகம், அது செய்யப்பட்ட விதம் மூன்றையும் பாருங்கள். எடையைக் கிரெயினில் சொல்வார்கள். ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம். 124 கிரெயின் குண்டு என்றால் 8 கிராம்.

இன்னொன்று: 9×19, 9 மி.மீ. லூகர், 9 மி.மீ. பாராபெல்லம் மூன்றும் ஒரே தோட்டா. 9 மி.மீ. மகரோவ் வேறு. துப்பாக்கியின் குழலில் பொறித்திருப்பதையும் தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு வாங்குங்கள்.

யாரைக் கேட்டாலும் 9 எம்.எம். வாங்குன்னுதான் சொல்றாங்க. ஃபேஷனா, நிஜமாவே காரணம் இருக்கா?

காரணம் இருக்கிறது, அது ஒரு சுற்றுச் சுற்றி வந்த கதை. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. ஆட்களுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. கொள்ளையன் மைக்கேல் பிளாட்டின் மேல் சண்டையின் தொடக்கத்திலேயே ஒரு 9 மி.மீ. குண்டு பட்டது. 115 கிரெயின் ஹாலோ பாயிண்ட் (மூக்கில் குழியுள்ள குண்டு) அது. வலது மேற்கையைத் துளைத்து, மார்புக்குள் புகுந்து, நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள்.

அதிலிருந்துதான் ‘குண்டு எவ்வளவு ஆழம் போக வேண்டும்’ என்ற கேள்வி முறையான சோதனையாக மாறியது. எஃப்.பி.ஐ. 10 மி.மீ. ஆட்டோவுக்கு மாறியது. அதன் உதைப்பைப் பலரால் தாங்க முடியாததால் மருந்தைக் குறைத்துப் பயன்படுத்தினார்கள். குறைத்த மருந்துக்கு அவ்வளவு நீளக் கூடு எதற்கு என்று கூட்டையும் சுருக்கியதில் 1990-இல் .40 எஸ் அண்ட் டபிள்யூ பிறந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்கப் போலீசின் இடுப்பில் அதுதான். இதற்கிடையே குண்டு செய்யும் நுட்பம் முன்னேறி, நல்ல 9 மி.மீ. குண்டும் அதே சோதனைகளில் தேறத் தொடங்கியது. 2016-இல் எஃப்.பி.ஐ. 9 மி.மீ. குளோக்குகளுக்கு ஒப்பந்தம் போட்டுத் திரும்பி வந்தது.

உங்களுக்கு இதிலிருந்து கிடைப்பது: குறைந்த உதைப்பு, ஒரே அளவுத் துப்பாக்கியில் கூடுதல் தோட்டா, பயிற்சித் தோட்டா மலிவு. கடைசிக் காரணம் சின்னதாகத் தெரியும். மாதம் நூறு தோட்டா சுடுகிறவரும் வருடத்துக்கு நூறு சுடுகிறவரும் ஒருவரல்ல.

.45-ல சுட்டா ஆள் அப்படியே பின்னாடி பறந்து விழுவான்னு சொல்றாங்களே?

விழமாட்டான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். .45 ஏ.சி.பி.யின் வழக்கமான 230 கிரெயின் குண்டு சுமார் 15 கிராம், வேகம் நொடிக்கு 260 மீட்டர். உந்தம் 3.9 கிலோகிராம் மீட்டர்/நொடி. அது முழுவதும் 70 கிலோ ஆளின் உடலுக்குள் இறங்கினாலும் அவர் பெறும் வேகம் நொடிக்கு ஐந்தரை சென்டிமீட்டர். நிதானமாக நடக்கும்போதே நாம் நொடிக்கு 130, 140 சென்டிமீட்டர் போகிறோம். 9 மி.மீ.யின் உந்தம் ஏறக்குறைய 2.8. இரண்டுமே யாரையும் தள்ளிவிடப் போவதில்லை.

தாக்குபவரை நிறுத்துவது மூன்று விஷயங்கள். மூளையோ தண்டுவடத்தின் மேற்பகுதியோ அடிபட்டால் உடனே நிற்கும். இதயமோ பெரிய ரத்தக்குழாயோ கிழிந்தால் ரத்த அழுத்தம் விழுந்து நிற்கும். அதற்குப் பல நொடிகள் ஆகும், அந்த நொடிகளில் அவரால் இன்னும் தாக்க முடியும். மூன்றாவது, பயமும் வலியும். பெரும்பாலான சம்பவங்கள் இதில்தான் முடிகின்றன, ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. முதல் இரண்டுக்கும் குண்டு சரியான இடத்தில் படவேண்டும், போதிய ஆழம் போக வேண்டும். கைத்துப்பாக்கிக் குண்டு தான் நேரடியாக நசுக்கிய தசையைத்தான் நம்பத்தக்க அளவில் சேதப்படுத்துகிறது. ரைஃபிள் குண்டைப் போலச் சுற்றியுள்ள தசையை விரித்துக் கிழிக்கும் வேகம் அதற்கு இல்லை. 9 மி.மீ.க்கும் .45-க்கும் விட்டத்தில் வேறுபாடு இரண்டரை மி.மீ. அந்த இரண்டரை மி.மீ.யைவிட, இரண்டாவது குண்டை எவ்வளவு சீக்கிரம் சரியான இடத்தில் வைக்கிறீர்கள் என்பது முக்கியம்.

12 இன்ச், 18 இன்ச்னு ஜெல் டெஸ்ட் வீடியோல சொல்றாங்க. மனுஷன் உடம்பே அவ்ளோ தடிமன் இல்லையே?

நியாயமான சந்தேகம். குண்டு ஜெல்லில் 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும் என்பது எஃப்.பி.ஐ.யின் அளவுகோல். சோதனைக்குப் பயன்படுவது 10 சதவீத ஜெலட்டின் கட்டி. அதை 4 டிகிரி செல்சியஸில் வைத்து, 4.5 மி.மீ. எஃகு மணி ஒன்றை நொடிக்கு 180 மீட்டர் வேகத்தில் சுட்டு, சுமார் 8.5 செ.மீ. போகிறதா என்று பார்த்த பிறகே அந்தக் கட்டியை ஏற்பார்கள். தசைக்கு அது ஓர் ஒப்பீடு. எலும்பு, தோல், நுரையீரல் அதில் கிடையாது. வீடியோக்களில் வரும் கண்ணாடி போன்ற செயற்கை ஜெல் இன்னும் வேறு. அதில் கிடைத்த எண்ணை இதோடு நேராக ஒப்பிடக் கூடாது.

12 அங்குலம் என்பது நேராக நின்று மார்பைக் காட்டும் ஆளுக்கு வைத்த அளவு இல்லை. எதிரே இருப்பவர் கையை நீட்டிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, கனத்த ஜாக்கெட்டோடு இருக்கலாம். மயாமியில் நடந்ததும் அதுதான்: கை வழியாகப் போனதில் ஆழம் தீர்ந்துவிட்டது. 18-க்கு மேல் போனால் உடலைத் தாண்டி வெளியேறிப் பின்னால் இருப்பவர் மேல் படும் அபாயம் கூடும். எஃப்.பி.ஐ. வெறும் ஜெல், கனத்த உடை, தகடு, ஜிப்சம் பலகை, பிளைவுட், கார் கண்ணாடி ஆகியவற்றின் வழியாகச் சுட்டுப் பார்க்கும். போலீஸ் அல்லாத உங்களுக்கு முதல் இரண்டும்தான் பெரும்பாலும் பொருந்தும்.

ஹாலோ பாயிண்ட் ரொம்பக் கொடூரமானதுன்னு கேள்விப்பட்டேன். சாதாரண புல்லட்டே போதாதா?

தற்காப்புக்குப் போதாது. சுற்றிலும் இருப்பவர்களின் பாதுகாப்புதான் காரணம். செம்பு உறை முழுவதுமாகப் போர்த்திய உருண்டை மூக்குக் குண்டு ஜெல்லில் 24 அங்குலத்தையும் தாண்டிப் போகும். உடலில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிப் பறந்துகொண்டிருக்கும். ஹாலோ பாயிண்டின் மூக்கில் குழி இருக்கிறது. ஈரமான தசையில் நுழைந்ததும் குழிக்குள் திரவம் அழுந்தி, குண்டு விரிந்து, வேகம் குறைந்து உள்ளேயே நிற்கும். நியூ யார்க் நகரப் போலீஸ் 1990-களின் இறுதியில் இதற்கு மாறியதும் இந்தக் காரணத்தால்தான்.

கெட்ட பெயர் வந்தது பழைய வரலாற்றிலிருந்து. 1890-களில் கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் ஆயுதசாலையில் விரியும் ரைஃபிள் குண்டுகளைச் செய்தார்கள். 1899-இல் ஹேக் பிரகடனம் அவற்றைப் போரில் பயன்படுத்தத் தடை விதித்தது. அது நாடுகளுக்கிடையிலான போருக்கு. தனிமனிதத் தற்காப்புக்கு அந்தத் தடை கிடையாது.

ஆனால் நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் நியூ ஜெர்சியில் கவனம் தேவை. அங்கே ஹாலோ பாயிண்டை வீடு, சுடுதளம் போன்ற அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு வெளியே எடுத்துச் செல்வதற்குக் கட்டுப்பாடு உண்டு. குழியைப் பாலிமரால் அடைத்த குண்டுகளை அந்த மாநிலப் போலீஸ் வேறாகக் கருதி வந்திருக்கிறது. அங்கே வாழ்பவர்களும் அந்த வழியாகப் பயணிப்பவர்களும் அன்றைய விதியைப் பார்த்துவிட்டுத் தோட்டாவைத் தேர்ந்தெடுங்கள்.

.380 போதுமா? பேன்ட் பாக்கெட்ல வெச்சுக்கிற மாதிரி சின்னதா வேணும்.

எல்லையில் நிற்கும் காலிபர் இது. 95 கிரெயின் குண்டு சுமார் 290 மீட்டர் வேகத்தில் போகும். ஆற்றல் 260, 270 ஜூல். நல்ல 9 மி.மீ. 490 ஜூலைத் தொடும். ஆற்றல் மட்டும் முடிவு சொல்லாது என்றாலும் இங்கே அதன் விளைவு தெரிகிறது: .380 குண்டு நன்றாக விரிந்தால் 12 அங்குலத்தை எட்டாமல் நிற்கக்கூடும்; எட்டினால் பெரும்பாலும் விரிந்திருக்காது. விரிவு மிதமாக இருக்கும்படி செய்த 90 கிரெயின் குண்டுகள், உதாரணமாக ஹார்னடியின் எக்ஸ்.டி.பி. வகை, ஆழத்துக்கு முன்னுரிமை தருகின்றன. .380-இல் அந்தப் பக்கம் சாய்வதே நல்லது.

பாக்கெட் துப்பாக்கியில் இன்னொரு சிக்கல். ரூகர் எல்.சி.பி. சுமார் 270 கிராம்தான். இடுப்பில் இருப்பதே தெரியாது, சுடும்போது தெரியும். பிடியில் இரண்டு விரலுக்குத்தான் இடம், சுண்டுவிரல் காற்றில் நிற்கும், ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கி கைக்குள் திரும்பும். இருபது தோட்டாவுக்குள் கை நோக ஆரம்பித்துப் பயிற்சியே நின்றுவிடுகிறது. பாக்கெட்டில் வைப்பதானால் விசையை (டிரிகரை) முழுதாக மூடும் பாக்கெட் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) கட்டாயம். அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் கூடாது.

9 எம்.எம். சின்ன கன்னா, .380 பெரிய கன்னா? ரெண்டுல எது உதைக்காது?

பெரிய .380. உதைப்பு என்பது தோட்டாவும் துப்பாக்கி எடையும் சேர்ந்த விளைவு. ஸ்மித் அண்ட் வெசனின் ஷீல்டு ஈ.இசட். .380-இன் ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி) இழுப்பது எளிது, மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) நிரப்புவது எளிது, எட்டுத் தோட்டா பிடிக்கும். மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் விரலில் வலு குறைந்த வயதானவர்களுக்கும் அது நல்ல தேர்வு.

.380 என்று எழுதியிருந்தாலே மென்மையாக இருக்கும் என்று நினைத்து வால்தர் பி.பி.கே. போன்றவற்றை வாங்கிவிடாதீர்கள். அந்த வகையில் சுடும்போது குழல் ஸ்லைடோடு பூட்டப்படுவதில்லை. ஸ்லைடின் எடையும் கெட்டியான ஸ்பிரிங்கும்தான் அழுத்தத்தைத் தாங்குகின்றன. ஸ்லைடு இழுக்கவும் கடினம், உதையும் வெடுக்கென்று வரும். பூட்டப்படும் குழலோடு கூடிய 9 மி.மீ. சிக் பி365 (சுமார் 500 கிராம், 10 தோட்டா) அதைவிட இதமாகச் சுடும்.

என் வைஃபுக்கு குட்டி ரிவால்வர்தான் சரி, ஜாம் ஆகாதுன்னு கடைக்காரர் சொல்றார். .38 வாங்கிடலாமா?

முதலில், சுடப்போவது அவர். தேர்ந்தெடுக்க வேண்டியதும் அவர். அவரை அழைத்துப் போய்ச் சுடச் சொல்லாமல் வாங்காதீர்கள்.

ஐந்து தோட்டா போடும் இலகுரக ரிவால்வர், உதாரணமாக ஸ்மித் அண்ட் வெசன் 642, பார்க்கச் சாது. சின்னக் கைப்பைக்குள்ளும் அடங்கும். ஆனால் சுமார் 410 கிராம் எடையில் .38 ஸ்பெஷல் +பி (கூடுதல் அழுத்தத் தோட்டா) சுட்டால் முழு அளவு .45-ஐவிடக் கை வலிக்கும். விசையை இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் பலம் வேண்டும், நீண்ட தூரம் இழுக்க வேண்டும், அந்த நேரத்தில் முனை ஆடாமல் இருக்க வேண்டும். குழல் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. பார்வைக் குறி ஒரு சின்னப் பள்ளம். புதிதாகக் கற்பவருக்கு இதைவிடக் கடினமான கைத்துப்பாக்கியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நன்கு தேர்ந்தவர்களின் துப்பாக்கி அது.

ஆனாலும் ரிவால்வர்தான் வேண்டும் என்றால் (ஸ்லைடு இழுக்கவே முடியாத கைகளுக்கு அது நியாயமான காரணம்) 148 கிரெயின் வாட்கட்டர் குண்டைப் பாருங்கள். மூக்கு தட்டையான ஈயக் குண்டு, இலக்குப் பயிற்சிக்காகச் செய்தது, உதைப்பு மென்மை, விரியாது, ஆனால் குட்டைக் குழலிலும் போதிய ஆழம் போகும். .32 எச் அண்ட் ஆர் மேக்னம் ரிவால்வரும் நல்ல வழி: அதே உடலில் ஆறு தோட்டா, உதைப்பும் குறைவு. அதன் தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது.

ஜாம் ஆகாது என்பதும் முழு உண்மையில்லை. மிக லேசான ரிவால்வரில் பலமான தோட்டா சுட்டால், அந்த உதையில் மற்ற தோட்டாக்களின் குண்டு கூட்டை விட்டு முன்னால் நழுவி, சிலிண்டரைச் சுழலவிடாமல் தடுக்கும். அப்படி நின்ற ரிவால்வரைக் கையால் தட்டிச் சரிசெய்ய முடியாது.

115, 124, 147 கிரெயின்... இதுல எது?

துப்பாக்கிக்குள் சிக்காமல் ஓடுவது எதுவோ அது. அதற்குப் பிறகு விருப்பம் என்றால் எங்கள் சாய்வு 124 அல்லது 147 பக்கம். 124 சுமார் 350 மீட்டர் வேகம். 147 சுமார் 305 மீட்டர், ஒலியின் வேகத்துக்குக் கீழே. இலேசான 115 வேகமாகப் போய் நன்றாக விரியும், ஆனால் ஆழத்தில் பின்தங்கும் வகைகள் அதில் அதிகம். ஃபெடரல் எச்.எஸ்.டி. 124, 147 இரண்டும், ஸ்பீர் கோல்ட் டாட் 124-உம் பல ஆண்டுகளாகப் போலீஸ் பயன்பாட்டில் நிரூபணமானவை.

குழல் நீளத்தையும் சேர்த்துப் பாருங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் வேகம் பெரும்பாலும் நான்கு அங்குலக் குழலுக்கு. குளோக் 19-இன் குழல் அந்த அளவு. மூன்று அங்குலத்தில் நொடிக்குச் சுமார் 15 முதல் 25 மீட்டர் குறையும். 9 மி.மீ. அதைத் தாங்கும். .38 ஸ்பெஷலும் .380-உம் ஏற்கெனவே எல்லையில் நிற்பதால் அவற்றுக்கு அந்தக் குறைவு வலிக்கும். குட்டைக் குழலுக்கென்றே செய்த குண்டுகள் அவற்றுக்குத்தான் அதிகம் தேவை.

+பி போட்டா இன்னும் நல்லதா?

9 மி.மீ.யின் 35,000 வரம்பு +பி-யில் 38,500 ஆகும்; .38 ஸ்பெஷலின் 17,000, +பி-யில் 20,000. துப்பாக்கியின் கையேடு அனுமதித்தால் மட்டும் போடலாம். பழைய .38 ரிவால்வர்களில் வேண்டாம். நவீன 9 மி.மீ. குண்டுகள் சாதாரண அழுத்தத்திலேயே வேலையை முடிக்கின்றன. +பி-யால் கிடைப்பது கொஞ்சம் வேகம், கூடுதல் உதைப்பு, சத்தம், தேய்மானம். +பி+ என்று எழுதியிருந்தால் அதற்குப் பொது வரம்பே வகுக்கப்படவில்லை. விட்டுவிடுங்கள்.

.40, .357, 10 எம்.எம். இதெல்லாம்?

.40 ஏற்கெனவே உங்களிடம் இருந்து நன்றாகச் சுட்டால் விற்க வேண்டாம். புதிதாக வாங்கக் காரணம் இல்லை. .357 மேக்னம் நான்கு அங்குல எஃகு ரிவால்வரில் அருமையான தோட்டா. குட்டி ரிவால்வரில் கண்ணைப் பறிக்கும் தீப்பிழம்பு, காதைப் பிளக்கும் சத்தம், தாமதமான இரண்டாவது குண்டு. 10 மி.மீ. கரடி நடமாடும் காட்டுக்குப் பொருந்தும். நகரத்துக்கு அது தேவையில்லை.

.22 வெச்சுத் தற்காத்துக்க முடியாதா? அம்மாவால அதை மட்டும்தான் சுட முடியுது.

அவரால் அதை மட்டும்தான் சுட முடியும் என்றால் அதுவே அவருடைய காலிபர். ஆனால் பலவீனத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். .22-இல் கேப் தனியாகக் கிடையாது. தீப்பற்றும் கலவை கூட்டின் விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கும். அந்த விளிம்பில் ஓரிடத்தில் கலவை இல்லாமல் போனால் அடித்தாலும் வெடிக்காது. மற்றத் தோட்டாக்களைவிட இது அடிக்கடி நடக்கும். பிஸ்டலாக இருந்தால் ஸ்லைடை இழுத்து வெளியே தள்ள வேண்டும். ரிவால்வரில் மறுபடி விசையை இழுத்தால் அடுத்த தோட்டா வரும். அதனால் .22-க்கு ரிவால்வர் ஒரு படி மேல், விசை கனமாக இருந்தாலும். குண்டு 40 கிரெயின், உறுதியான மூக்கு. ஹாலோ பாயிண்ட் வேண்டாம். இருக்கும் கொஞ்ச ஆழத்தையும் அது தின்றுவிடும்.

முடிவெடுக்குமுன், மேலே சொன்ன எளிதில் ஸ்லைடு இழுபடும் .380-ஐ ஒருமுறை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

அபார்ட்மென்ட்ல இருக்கோம். சுவரைத் துளைச்சுப் பக்கத்து வீட்டுக்குப் போகாத காலிபர் எது?

அப்படி ஒன்று இல்லை. நம் ஊர்ச் செங்கல் சுவரை மனத்தில் வைத்து யோசிக்காதீர்கள். இங்கே உட்சுவர் என்பது மரச்சட்டத்தின் இரு பக்கமும் அடித்த அரை அங்குல ஜிப்சம் பலகை. ஆளைத் தடுத்து நிறுத்த வல்ல எந்தக் குண்டும் அப்படிப் பல சுவர்களைத் தாண்டும். ஹாலோ பாயிண்டின் குழி ஜிப்சம் தூளால் அடைபட்டால் அது விரியாமல் சாதாரணக் குண்டு போலவே போகும்.

செய்யக்கூடியது: வீட்டின் வரைபடத்தை யோசித்து, எந்தத் திசையில் குழந்தைகள் தூங்குகிறார்கள், எந்தச் சுவருக்குப் பின்னால் அடுத்த குடும்பம் இருக்கிறது என்று முன்கூட்டியே குறித்து வையுங்கள். அந்தத் திசையில் சுடுவதில்லை என்பதைப் பகலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். வெளிச்சமில்லாத நேரத்தில் யாரென்று பார்க்காமல் சுடுவதே எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. காலிபரைவிட ஒரு நல்ல டார்ச் லைட் இங்கே அதிகம் உதவும்.

சரி, எனக்கு எதுன்னு நானே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளத்துக்குப் போங்கள். பாதுகாப்புக் கண்ணாடி, காதுக்குள் இயர் பிளக், அதன் மேல் காதை மூடும் மஃப். இரண்டு காலிபர், முடிந்தால் ஒரே மாடல் குடும்பத்தில், ஒவ்வொன்றுக்கும் 50 தோட்டா. இலக்கை 7 கஜத்தில், அதாவது ஆறரை மீட்டரில் வைத்து, ஒரு தாளைப் பாதியாக மடித்து ஒட்டுங்கள்.

முதல் பத்தை நிதானமாகச் சுடுங்கள். பிறகு ஐந்து ஐந்தாக, தாளை விட்டு வெளியே போகாத அளவுக்கு எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகத்தில். ஒருவரை நேரம் எடுக்கச் சொல்லுங்கள். பின்பு வலது கையால் மட்டும் ஐந்து, இடது கையால் மட்டும் ஐந்து. வேகமாகச் சுட்ட ஐந்துகளில் கடைசி ஐந்தின் நேரத்தையும் முதல் ஐந்தின் நேரத்தையும் ஒப்பிடுங்கள். களைத்த கை சொல்லும் உண்மைதான் முக்கியம். குண்டுகள் தாளின் கீழ் இடது ஓரத்தில் குவிந்தால் (வலக்கைக்காரர்களுக்கு) உதையை எதிர்பார்த்து விசையோடு சேர்த்துக் கையையும் அமுக்குகிறீர்கள். பெரிய காலிபரில் அந்தக் குவியல் கீழே இறங்கிச் சிறிய காலிபரில் நடுவுக்கு வந்தால், உங்களுக்கான விடை அங்கேயே இருக்கிறது.

ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் டெக்சாஸ் உரிமத் தேர்வு: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10, மொத்தம் 250-க்கு 175 புள்ளி எடுத்தால் தேர்ச்சி. அது மிகத் தாழ்வான வரம்பு. அதைச் சிரமப்பட்டுத் தாண்டுகிற துப்பாக்கி உங்களுக்கானதல்ல.

வாங்கின கன் அடிக்கடி சிக்குது. காலிபரை மாத்தணுமா?

முதலில் மணிக்கட்டைப் பாருங்கள். பிஸ்டல் தானாக அடுத்த தோட்டாவை ஏற்ற, ஸ்லைடு பின்னால் ஓடும்போது உடல் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால் துப்பாக்கி முழுவதும் பின்னால் போய்விடும், ஸ்லைடுக்குப் போதிய ஓட்டம் கிடைக்காது. காலிக் கூடு வெளியேறும் வாயிலில் புகைபோக்கி மாதிரி செங்குத்தாக நிற்கும். இலகுவான குட்டித் துப்பாக்கிகளில் இது அதிகம். வேறொருவர் சுட்டால் சிக்கவில்லை என்றால் கோளாறு பிடியில்தான்.

மேகசினை எண் எழுதி வேறுபடுத்துங்கள். சிக்குவது எப்போதும் ஒரே மேகசினில் என்றால் அதைத் தூக்கிப் போடுங்கள். பொதுவாக 200 பயிற்சித் தோட்டாவும், நீங்கள் எடுத்துச் செல்லப்போகும் ஹாலோ பாயிண்டில் 50-உம் ஒருமுறைகூடச் சிக்காமல் ஓடினால்தான் இடுப்பில் வைக்கலாம். ஹாலோ பாயிண்ட் விலை அதிகம் என்று அந்த 50-ஐத் தவிர்ப்பவர்கள் நிறைய. குழி மூக்கு ஏறும் விதமும் உருண்டை மூக்கு ஏறும் விதமும் வேறு. அதைத் தெருவில் கண்டுபிடிக்கக் கூடாது.

தினமும் ராத்திரி சேம்பர்ல இருந்து தோட்டாவை எடுத்துட்டுக் காலைல அதையே திரும்பப் போடறேன். தப்பா?

தப்பு. சேம்பர் என்பது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் குண்டின் மூக்கு அதற்கு முன்னுள்ள சரிவில் (ஏறுதளத்தில்) மோதி, கூட்டுக்குள் சிறிது சிறிதாக அமுங்குகிறது. ஒரு மி.மீ. அமுங்கினாலே உள்ளே இடம் குறைந்து அழுத்தம் கணிசமாக எகிறும்; .40 போன்ற உயர் அழுத்தத் தோட்டாவில் இது துப்பாக்கியையே உடைக்கலாம். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிடுங்கள். குட்டையாகத் தெரிந்தால் சுடவே வேண்டாம். அதைவிட நல்லது, இரவில் துப்பாக்கியை ஹோல்ஸ்டரோடு, ஏற்றியபடியே, விரைவில் திறக்கும் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டுவது. வீட்டில் குழந்தை இருந்தாலும், மனம் உடைந்த நிலையில் ஒருவர் இருந்தாலும் அந்தப் பூட்டைப் பற்றி விவாதமே கிடையாது.

எங்க ஸ்டேட்ல மேகசின்ல 10-க்கு மேல போடக்கூடாது. அப்ப .45-க்கே போயிடலாமே?

கலிபோர்னியா, நியூ யார்க், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் இந்த வரம்பு உண்டு. தோட்டா எண்ணிக்கையில் 9 மி.மீ.க்கு இருந்த சாதகம் அங்கே சுருங்குவது உண்மை. உதைப்பும் பயிற்சிச் செலவும் சுருங்குவதில்லை. பத்துத் தோட்டா 9 மி.மீ. துப்பாக்கி மெலிதாக, மறைக்க எளிதாக இருக்கும், அதே எண்ணிக்கையில் .45 தடித்த பிடியோடு வரும்.

இந்தியாவுல எங்க மாமா .32 ரிவால்வர் வெச்சிருக்கார். 9 எம்.எம். ஏன் வாங்கலை?

வாங்க முடியாது. அங்கே 9 மி.மீ. கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட காலிபர். சாதாரண உரிமத்தில் கிடைக்காது. அதனால்தான் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் அங்கே வழக்கமானது. 2014-இல் வந்த 500 கிராம் ‘நிர்பீக்’கும் .32-தான். அந்த .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங், .380-ஐவிடவும் பலம் குறைந்தது. இங்கே வேறு தேர்வுகள் இருக்கும்போது அதைப் பின்பற்றக் காரணமில்லை. ஊருக்குப் போகும்போது பெட்டியை, கைப்பையை, ஜாக்கெட் பாக்கெட்டை மடிப்பு மடிப்பாகப் பாருங்கள். சுடுதளத்திலிருந்து தவறி வந்த ஒரே ஒரு தோட்டா இந்திய விமான நிலையத்தில் வழக்காகும்.

வீட்டுல எனக்கு .40, அவளுக்கு 9 எம்.எம். ரெண்டும் இருந்தா பிரச்சனை இல்லையே?

இருக்கிறது. 9 மி.மீ. தோட்டா .40 துப்பாக்கியின் சேம்பருக்குள் நுழைந்துவிடும். இழுப்புக் கொக்கி பிடித்துக்கொண்டால் வெடிக்கவும் செய்யும். தளர்வான சேம்பரில் கூடு பிளந்து, சூடான வாயு மேகசின் பக்கம் பாயும், குண்டு எங்கோ போகும். 9 மி.மீ. துப்பாக்கியில் .380 போட்டாலும் வெடிக்கலாம், அடுத்தது ஏறாது.

முடிந்தால் வீட்டில் ஒரே காலிபர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் தோட்டாக்களை அவற்றின் அசல் பெட்டியிலேயே, தனித்தனி நிறப் பைகளில் வையுங்கள். மேகசின் அடித்தட்டில் வண்ண நாடா ஒட்டுங்கள். சுடுதளத்து மேசையில் ஒரு நேரத்தில் ஒரு காலிபர் மட்டும். அடுத்ததை வெளியே எடுக்குமுன் முதல் துப்பாக்கியின் மேகசின்கள், உதிரித் தோட்டாக்கள் எல்லாம் பைக்குள் போயிருக்க வேண்டும். தரையில் கிடக்கும் தோட்டாவை எடுத்து மேகசினில் போடவே கூடாது.